வைத்திக்குப்பம் போன படிக்கட்டு

விமானத்தின் கதவு திறந்ததும் வெளியே படி இருக்கும் என்று நம்பித்தான் எல்லோரும் காலை எடுத்து வைக்கிறார்கள். யாரும் குனிந்து பார்ப்பதில்லை. புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் எழுதி அனுப்பினால், மேடம் ஓய்வு பெற்ற பிறகு சோம்பேறியாகிவிட்டார் என்பீர்கள். அதனால் நடந்ததையும் எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று வரவில்லை.

புதுச்சேரியில் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் எங்கள் சின்ன விமான நிலையம் இருந்தது. நான் அங்கே பொறுப்பேற்றது இரண்டாயிரத்துக்குப் பிறகு. அதற்கு முன்பே விமானங்கள் வருவது நின்றுவிட்டது. நிலையம் மட்டும் நிற்கவில்லை. விமானம் எப்போது வேண்டுமானாலும் வரலாம், தயாராக இருங்கள் என்று ஓர் உத்தரவு இருந்தது. இனி வராது, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே நாங்கள் ஏழு பேர் தினமும் ஒன்பது மணிக்கு வந்து தயாராக இருந்தோம். ஐந்தரைக்குத் தயாராக இருப்பதை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

எனக்கு முன்னால் அங்கே பொறுப்பில் இருந்தவர் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தபோது ஒரே ஒரு அறிவுரை சொன்னார். "பாத்ரூம் கொழாய முழுசா மூடிடாதீங்கம்மா, கையோட வந்துடும்." வேலையைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை. இதுவரை அதைவிட உபயோகமான அறிவுரை எனக்கு யாரும் சொன்னதுமில்லை.

எங்கள் முக்கியமான வேலை பதிவேடு எழுதுவது. தினமும் காலையில் ஒரு பக்கம். ஓடுபாதை: தயார். காற்றுப்பை: தயார். தீயணைப்பு வண்டி: தயார். எடைமேடை: தயார். இப்படியே இறங்கிவந்து, பதினெட்டாவது வரியில், படிக்கட்டு: தயார். கடைசி வரி, பயணிகள்: இல்லை. கீழே என் கையெழுத்து. முதல் மாதம் ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்துவிட்டு எழுதினேன். இரண்டாம் மாதம் ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதினேன். அதன் பிறகு பதிவேட்டின் முந்தைய பக்கத்தைப் பார்த்து எழுதினேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்தப் படிக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீல வண்ணம், நான்கு சக்கரம், ஒன்பது படி. உச்சியில் இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு ஒரு தளம், அதைச் சுற்றிக் கைப்பிடி. வாரம் ஒருமுறை நகர்த்தாவிட்டால் சக்கரம் துருப்பிடிக்கும் என்று அதன் கையேட்டில் எழுதியிருந்தது. நகர்த்துவது என்று முடிவான பிறகு எங்கே நகர்த்துவது என்ற கேள்வி வந்தது. அதற்குப் பதில் சொன்னவர் கலியமூர்த்தி.

கலியமூர்த்தி எங்கள் தீயணைப்பு வண்டியின் ஓட்டுநர். பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம். ஓடுபாதையின் கிழக்குப் பாதி அவர் தாத்தா வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லை. நிலத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஒருவருக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். தந்தார்கள், தினக்கூலியாக. நாங்கள் மற்ற ஆறு பேரும் நிரந்தரம். நிலையத்தை மூடினால் எங்களுக்கு வேறு ஊருக்கு மாற்றல் உத்தரவு வரும். கலியமூர்த்திக்கு எதுவும் வராது. இதை எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். ஓடுபாதையை ஆய்வு செய்ய ஜீப்பில் போகும்போது, "மேடம், இங்கதான் எங்க கெணறு இருந்துச்சி" என்று ஒரே இடத்தில் தினமும் சொல்வார். நான் தினமும் "அப்படியா" என்பேன்.

அவர் படிக்கட்டை முதலில் ஒரு தேவாலயத்துக்குக் கொடுத்தார், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட. பிறகு ஒரு கல்யாண வீடியோக்காரர் வந்து வாங்கிப் போனார். பிறகு தெருவிளக்கு மாற்ற, மாங்காய் பறிக்க, பள்ளிக்கூட நாடகத்தில் சொர்க்கத்துக்கு ஏற. படி ஒவ்வொரு முறையும் முன்பைவிடச் சுத்தமாகவே திரும்பி வரும். சக்கரத்துக்கு எண்ணெய் போட்டிருப்பார்கள். பராமரிப்பு என்ற பெயரில் நானும் தலையாட்டினேன். நான் குடியிருந்த சாரம் பகுதியில், என் தெருவில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடித்ததே அதன் மேல் ஏறித்தான். ஊருக்கே ஏணியாக இருந்தது. யாராவது நிலையத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டால், விமானம் எப்போது என்று கேட்க மாட்டார்கள். படி காலியா என்றுதான் கேட்பார்கள்.

எல்லோருக்கும் அந்த இடத்தின் மேல் ஒரு பிரியம் இருந்தது. எனக்கும் இருந்தது, மறைப்பானேன். ஒன்றுமே நடக்காத இடத்தின் மேல் எப்படி இவ்வளவு ஆசை வந்தது என்று இன்றும் விளங்கவில்லை.

மாசி மகத்தன்று காலை பத்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரத்து சாமியெல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வரும். பின்னாலேயே ஊரும் வரும். மீனவர்கள் படகுகளை ஓரமாக இழுத்துப்போட்டு இடம் விடுவார்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் போக முடியாது. நிலையத்தில் பாதிப் பேர் விடுமுறை. நான் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன்.

சென்னையிலிருந்து பேசினார்கள். சிறு நிலையங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று பார்க்க ஒரு குழு போட்டிருந்தார்கள். அது அடுத்த வாரம் எங்களிடம் வருவதாக இருந்தது. இப்போது அன்று மதியம் மூன்று மணிக்கே வருகிறதாம். "ஒரு சிக்கல் மேடம். அந்த விமானத்தோட மடக்குப் படி வேலை செய்யல. உங்ககிட்ட படிக்கட்டு இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

"தயாரா இருக்கா?"

என் பேனா அப்போது பதினெட்டாவது வரியில் இருந்தது. "தயாரா இருக்கு" என்றேன், எழுதிக்கொண்டே.

"நல்லதாப் போச்சு. இல்லன்னா வேற நாள் வச்சுக்கலாம்னு இருந்தோம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அதன் பிறகு எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

ஒன்றரை மணிக்குக் கலியமூர்த்தி வேலைக்கு வந்தார். நெற்றி நிறைய விபூதி, அதன் நடுவே குங்குமம், முகம் நிறைய சந்தோஷம். "மேடம், இந்த வருசம் மாதிரி எந்த வருசமும் இல்ல. அம்மா நம்ம படி மேல என்னமா ஒக்காந்து போவுது தெரியுமா?"

"எந்தப் படி?"

"நம்ம படிதான் மேடம். நேத்து சாயங்காலம் உங்ககிட்ட சொன்னனே. எங்க ஊரு அம்மன் வண்டிக்கு அச்சு முறிஞ்சி போச்சி, படியக் குடுங்கன்னு. நீங்க தலைய ஆட்டனீங்களே."

ஆட்டினேன். சத்தியமாக நினைவிருந்தது. கையில் தேநீர், மனதில் வேறு ஏதோ, தலை தானாக ஆடியது. எழுந்து கொட்டகைக்கு ஓடினேன். படி நிற்கும் இடத்தில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

குழு வருவதைச் சொன்னேன். கலியமூர்த்தி காலிக் கொட்டகையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "மூடறதுக்கா மேடம் வராங்க?"

"பாத்துட்டு முடிவு பண்ணுவாங்க."

"படி இல்லன்னா மூடிடுவாங்களா?"

எனக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன். அவர் தன் மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். "நெலமும் போயி வேலையும் போனா நான் எங்க மேடம் போவேன்? எப்பிடியாவது கொண்டாந்துடறேன். இன்னிக்கி எறும்பு கூட உள்ள போவாது. இருந்தாலும் கொண்டாரேன்." போகும்போது திரும்பிப் பார்த்து ஒரு யோசனையும் சொன்னார். "கேட்டா, சக்கரம் பஞ்சருன்னு சொல்லிடுங்க."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். பஞ்சர் என்பது நல்ல பொய். அரை மணி நேரம் நான் அந்தப் பொய்யைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் அதை விட்டதற்குக் காரணம் என் நேர்மை அல்ல. பஞ்சரான படி எங்கே என்று கேட்டால் இரண்டாவதாக ஒரு பொய் வேண்டும். அது எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் படியின் சக்கரங்கள் கெட்டி ரப்பர் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டே முக்காலுக்கு விமானத்தின் குரல் ரேடியோவில் கேட்டது. ஆபரேட்டரிடமிருந்து மைக்கை நான் வாங்கினேன். படிக்கட்டு இப்போது நிலையத்தில் இல்லை என்று விமானியிடம் சொன்னேன். எங்கே இருக்கிறது என்று கேட்டார். கடற்கரைக்குப் போயிருக்கிறது என்றேன். அவர் வடநாட்டுக்காரர், மிகவும் மரியாதையானவர். திரும்பச் சொல்லும்படி கேட்டார். திரும்பச் சொன்னேன். எதற்குப் போயிருக்கிறது என்று கேட்டார். குளிக்க என்று எனக்கு வாயில் வந்தது. திருவிழாவுக்கு என்றேன்.

விமானம் கடற்கரைப் பக்கம் ஒரு வட்டம் அடிப்பது ஜன்னலில் தெரிந்தது. பிறகு அவர் கேட்டார், படிக்கட்டு நீல நிறமா என்று. ஆமாம் என்றேன். உச்சியில் சிவப்பாக ஒரு குடை இருக்கிறதா என்றார். இருக்கலாம் என்றேன். அப்படியானால் கடற்கரைக்கு மேற்கே பெரிய கூட்டத்தின் நடுவில் போய்க்கொண்டிருக்கிறது, உங்கள் நிலையத்தை நோக்கித்தான் திரும்பியிருக்கிறது, ஆனால் மிக மெதுவாக, என்று தகவல் தந்தார். என் பணிக்காலத்தில் வானத்திலிருந்து எனக்குக் கிடைத்த மிகத் துல்லியமான அறிக்கை அதுதான்.

திரும்பிப் போகப் போதுமான எரிபொருள் இருந்தது. ஆனால் குழுத் தலைவர் இறங்கியே தீர வேண்டும் என்றாராம். மூன்று மணிக்கு விமானம் இறங்கியது. எங்கள் ஓடுபாதையில் விளக்குகள் கிடையாது. ஐந்தே முக்காலுக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று விமானி சொல்லிவிட்டார்.

கதவு திறந்தது. குழுத் தலைவர் நல்ல வாட்டசாட்டமான மனிதர். வாசலில் வந்து நின்று, வழக்கம்போல் காலை எடுத்துவைக்கப் போனவரை விமானி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து நிறுத்தினார். கீழே தரையில் நான் மாலையுடன் நின்றிருந்தேன். எனக்கும் அவர் செருப்புக்கும் நடுவே ஓர் ஆள் உயரத்துக்கு மேல் வெறும் காற்று.

"படி எங்க?"

"வந்துக்கிட்டு இருக்கு சார்."

"தானாவா?"

அவர் தமிழ்க்காரர் என்பது அப்போதுதான் தெரிந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம். பத்து நிமிடம் திட்டினார். பிறகு தீயணைப்பு வண்டியைக் கதவை ஒட்டி நிறுத்துங்கள், அதன் கூரை வழியாக நான் இறங்கிக்கொள்கிறேன் என்றார். வண்டி அங்கேயே நின்றது. அதை ஓட்டத் தெரிந்த இன்னொருவரும் இருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

முடியாது என்றேன்.

அந்தக் கூரையில் ஏறி இறங்குவது எங்கள் ஆட்களுக்கே கஷ்டம். அவருக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல், செருப்போ வழுக்குகிற தோல் செருப்பு. நிலையத்தை மூடும் அதிகாரம் உள்ள மனிதர், இறங்குகிறேன் என்று ஆணையிடுகிறார். நான் அவரைக் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொல்லி, கதவின் குறுக்கே பட்டையை மாட்டும்படி விமானியைக் கேட்டுக்கொண்டேன். "உங்க பேர எழுதிக்கிட்டேன்" என்றார் தலைவர். எழுதட்டும். காலையிலிருந்து நான் செய்தவற்றில் அந்த ஒன்றுதான் சரியானது. உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒருவர் வருவார். எவ்வளவு பெரியவர் சொன்னாலும், விழுவார் என்று தெரிந்த இடத்தில் கால் வைக்க விடாதீர்கள். அதன் பிறகு எழுதிக்கொள்ளட்டும்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. நான்கு மணிக்குத் தலைவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நான் நிலையத்துக்கு வர முடியாவிட்டால் நிலையம் என்னிடம் வரட்டும் என்றார். கயிறு கட்டிய ஒரு வாளியை நாங்கள் கொடுக்க, மேலிருந்து இழுத்துக்கொண்டார்கள். முதலில் பதிவேடுகள் போயின. அடுத்த நடையில் தேநீர். தீயணைப்பான்களை ஒவ்வொன்றாகத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினோம். காத்திருப்பு அறையின் நாற்காலிகளை வெளியே கொண்டுவந்து வெயிலில் வரிசையாக வைத்தோம், அவர் விரலால் எண்ணினார். எடைமேடையை உருட்டிவந்து அதன் மேல் ஆபரேட்டரை நிறுத்தி, முள் நகர்வதைக் காட்டினோம். கழிப்பறையைப் பார்க்க வேண்டும் என்றார் குழுவில் இன்னொருவர். அதை மட்டும் கொண்டுவர முடியாது என்று வருத்தத்துடன் தெரிவித்தேன்.

தலைவர் பதிவேட்டில் அன்றைய பக்கத்தைத் திறந்தார். விரல் மேலிருந்து கீழாக நகர்ந்து பதினெட்டாவது வரியில் நின்றது.

"படிக்கட்டு, தயார். இது உங்க கையெழுத்தா மேடம்?"

"ஆமா சார்."

"போய்ப் பாத்துட்டுத்தான் போட்டீங்களா?"

"இல்ல சார்."

அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பக்கத்தைத் திருப்பினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் வாசல் பக்கமிருந்து பம்பைச் சத்தம் கேட்டது.

வாசலில் எங்கள் காவலர் இருந்தார். அவரைச் சொல்தா என்று கூப்பிடுவோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பியவர்களுக்கு ஊரில் வழங்கும் பெயர் அது. பிரான்சிலிருந்து அவருக்கு வந்த ஓய்வூதியம் என் சம்பளத்தைவிட அதிகம். ரெட்டியார்பாளையத்தில் சொந்த வீடு. வீட்டில் பொழுது போகவில்லை என்று எங்கள் வாசலில் நின்றார். காகிதம் இல்லாமல் கடவுளையே உள்ளே விடமாட்டார் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அன்று அது உண்மையாகிவிட்டது.

நான் ஓடிப்போனபோது வாசலில் ஒரு டிராக்டர் நின்றது. பின்னால் சங்கிலியில் எங்கள் படிக்கட்டு. படிக்குப் படி வாழைக்கன்றும் மாவிலையும். கைப்பிடி முழுக்க சீரியல் விளக்கு. உச்சித் தளத்தில் சிவப்புக் குடையின் கீழ், பட்டுடுத்தி, எலுமிச்சை மாலையோடு அம்மன். பின்னால் ஊரே நின்றது. டிராக்டரின் மேல் கலியமூர்த்தி.

"கண்டு பிடிச்சிட்டேன் மேடம்! எறக்கித் தாங்கன்னு கேட்டா, வழியில எறக்கக் கூடாது, ஊரு எல்லையிலதான் எறக்கணும்னுட்டாரு பூசாரி. ஓடுபாதை எங்க ஊரு எல்லைதான? அதான் அம்மாவோடயே ஓட்டியாந்துட்டேன்."

சொல்தா நகரவில்லை. "பாப்பியே?" என்றார், கையை நீட்டி. காகிதம் எங்கே என்று அர்த்தம்.

"யோவ், சாமிக்கு என்னாய்யா காகிதம்?"

"டிராக்டருக்கு உண்டா? ஆளுங்களுக்கு உண்டா? விமானம் நிக்கிற எடத்துக்கு உள்ள போறவங்க பேர எழுதணும். அதுதான் ரெக்லமான்." சட்டம் என்பதை அவர் பிரெஞ்சில்தான் சொல்வார்.

வாதாட நேரமில்லை. நான்கு ஐம்பது. எழுதுங்கள் என்றேன். அவர் நிதானமாக நோட்டைத் திறந்து எழுதினார். வருபவர்: அம்மன். உடன் வருபவர்: பூசாரி, ஓட்டுநர், தள்ளுவதற்கு நான்கு பேர். வந்த நோக்கம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"பயணிகளை இறக்க" என்றேன்.

"பொன்" என்றார், பிரெஞ்சில் 'சரி', திருப்தியுடன் எழுதிக் கதவைத் திறந்தார். மற்ற கூட்டத்தை ஓர் ஆள் கூட உள்ளே விடவில்லை. நல்ல காவலர்.

டிராக்டரைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டுக் கையால் தள்ளினோம். நானும் தள்ளினேன். படிக்கட்டு அங்குலம் அங்குலமாக விமானத்தை நெருங்கிக் கதவோடு பொருந்தி நின்றது. குழுத் தலைவர் பட்டைக்குப் பின்னால் நின்றார். அம்மன் அவருக்கு நேர் எதிரே, ஒரு முழ தூரத்தில், கண்ணுக்குக் கண். அவர் கை தானாகக் கூப்பியது.

இப்போது அம்மன் இறங்கினால்தான் தலைவர் இறங்க முடியும். கனத்த பீடம். சுமந்துகொண்டு படியில் பின்பக்கமாக இறங்க நான்கு பேர் வேண்டும், அந்தக் குறுகிய தளத்தில் இரண்டு பேர்தான் நிற்க முடியும். பூசாரி முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு மிக இயல்பாக விமானத்தின் உள்ளே கைகாட்டினார். "அங்க எடம் இருக்குதே. செத்த உள்ள வச்சிக்கலாம்."

நான் விமானியைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, நிலைமை மட்டும் புரிந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அம்மன் விமானம் ஏறினார். முதல் வரிசை இருக்கையில் பீடத்தோடு வைத்தார்கள். வழி திறந்தது. தலைவர் காலை எடுத்துவைக்கப் போனார்.

"சார், செருப்ப கழட்டிடுங்க" என்றார் பூசாரி. "அம்மா ஒக்காந்த படி."

தலைவர் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பின்னால் மூன்று பேரும் ஷூவைக் கழற்றினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து, வெறுங்காலோடு, வாழைக்கன்றுகளை விலக்கிக்கொண்டு, குழு எங்கள் நிலையத்தில் இறங்கியது. தரை கொதித்ததால் நால்வரும் நேராகக் கழிப்பறையைப் பார்க்க ஓடினார்கள். குழாயை முழுதாக மூடிவிட்டார்கள். அது கையோடு வந்துவிட்டது.

கிளம்பும் முன் கலியமூர்த்தி எல்லோருக்கும் தொன்னையில் பொங்கல் கொடுத்தார். தலைவர் சாப்பிட்டுக்கொண்டே அவரிடம் கேட்டார். "இன்னிக்கு என்னப்பா வேண்டிக்கிட்ட?"

"இத்த மூடக் கூடாதுன்னு சார்" என்றார் கலியமூர்த்தி.

தலைவர் மீதிப் பொங்கலையும் வழித்துச் சாப்பிட்டார். தொன்னையை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு விமானம் ஏறினார். அதற்கு முன், உள்ளே இருவரும் படியில் இருவருமாகப் பிடித்து அம்மனை இறக்கியிருந்தோம். அவசரத்தில் அம்மன் இறங்க, அவர்கள் ஏற, எல்லாம் முடிந்தபோது ஐந்து நாற்பது.

அன்று மாலை பதிவேட்டை முடிக்க உட்கார்ந்தேன். இனி பார்க்காமல் எதையும் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். கடைசி வரியில் எப்போதும் எழுதும் 'இல்லை'யை எழுத முடியவில்லை. குழு அலுவலாக வந்தது, பயணிக் கணக்கில் சேராது; ஆனால் அம்மன் ஏறி இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன், பார்த்ததைத்தானே எழுத வேண்டும்? பயணிகள்: ஏறியவர் ஒருவர், இறங்கியவர் ஒருவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

குழுவின் அறிக்கை மழைக்காலத்தில் வந்தது. என் பெயர் எங்காவது இருக்கும் என்று தேடினேன். இல்லை. படி இல்லாமல் காத்திருந்தது பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாதனங்களின் பட்டியலில், படிக்கட்டு: ஒன்று, தயார் நிலையில் என்று இருந்தது. என் பதிவேட்டைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தார்கள். அவர்களும் நம் இனம்தான். கீழே காரணம் சொல்லியிருந்தார்கள். இந்த நிலையத்தைச் சென்ற ஆண்டில் பயன்படுத்திய பயணி ஒரே ஒருவர். ஒருவருக்காக நிலையம் நடத்துவது நியாயமல்ல. மூடலாம்.

அடுத்த மாசி மகத்துக்கு மறுநாள் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. எங்கள் ஆறு பேருக்கும் மாற்றல் வந்தது. கலியமூர்த்திக்கு நான் மூன்று கடிதம் எழுதினேன், வேறு எங்காவது எடுத்துக்கொள்ளும்படி. பதிலே வரவில்லை. அவரை மாதக் கடைசியோடு நிறுத்திவிட்டார்கள்.

ஒப்படைக்கும் பட்டியலை மாசி மகத்தன்று தயார் செய்தேன். ஓடுபாதை முழுக்க நடந்து போய்ப் பார்த்தேன். கிணறு இருந்த இடத்தில் கொஞ்சம் நின்றேன். காற்றுப்பை, தீயணைப்பு வண்டி, எடைமேடை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து எழுதினேன். பதினெட்டாவது வரி வந்தது. கொட்டகை காலி. பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வைத்திக்குப்பம் போனேன்.

ஒரு மணி நேரம் கூட்டத்தில் இடிபட்ட பிறகு அதைப் பார்த்தேன். படகுகளுக்கு அந்தப் பக்கம், ஈர மணலில் பலகை போட்டு, அதன் மேல் நீலப் படிக்கட்டு. உச்சியில் அம்மன். கலியமூர்த்தி சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கா மேடம் மூடறாங்க?"

"நாளைக்குத்தான்."

"அப்ப நெலத்த திருப்பிக் குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்க கலியமூர்த்தி."

அவர் கடலைப் பார்த்தார். பிறகு, "படிய எடுத்துக்கிட்டுப் போவத்தான் வந்தீங்களா?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"பார்க்க வந்தேன்" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்பது படியும் ஏறினேன். கைப்பிடியை அசைத்துப் பார்த்தேன், உறுதியாக இருந்தது. மேலிருந்து கடல் தெரிந்தது, கூட்டம் தெரிந்தது, தூரத்தில் எங்கள் மேடும் தெரிந்தது. பூசாரி எனக்குக் குங்குமம் கொடுத்தார். இறங்கி வந்து சக்கரம் நான்கையும் பார்த்தேன். எண்ணெய் போட்டிருந்தது.

டிராக்டரின் மேல் பட்டியலை விரித்தேன். கலியமூர்த்தி பக்கத்தில் நின்று பார்த்தார். எட்டு வருடமாக தயார் என்று எழுதிய இடத்தில், படிக்கட்டு: உபயோகத்தில் உள்ளது, இடம் வைத்திக்குப்பம், நேரில் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைத் திருப்பிக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.